ஜூனியர் கல்லூரி ஆண்டுகள்: தடை மனுவுக்கு உதவி தேவை

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வழக்குகளில் அனுபவம் உள்ளவர்களுக்கு வணக்கம். ஜூனியர் கல்லூரியில் (இரண்டாண்டுக் கல்லூரி) இரண்டு பருவம் ஆடிய அமெரிக்க ஃபுட்பால் வீரர் ஒருவருக்காக, கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் அமைப்பான என்சிஏஏ-வுக்கு எதிராக இடைக்காலத் தடை மனு தயாராகிறது.

என்சிஏஏ விதிப்படி, எந்தக் கல்லூரியில் முழுநேரமாகச் சேர்ந்தாலும் ஆடும் தகுதிக்கான ஐந்தாண்டுக் கணக்கு தொடங்கிவிடும். அதற்குள் நான்கு பருவம்தான். ஜூனியர் கல்லூரியில் ஆடியதும் இதில் அடக்கம். இந்த விதிக்கு எதிராக ஜூனியர் கல்லூரியில் ஆடிய ஃபுட்பால் வீரர் டியேகோ பாவியா 2024 டிசம்பரில் டென்னசி கூட்டாட்சி நீதிமன்றத்தில் தடை பெற்றார். அதை மட்டும் நம்பி மனு போடுவது ஆபத்து. என்சிஏஏ-வின் கீழ்நிலைப் பிரிவான இரண்டாம் டிவிஷனிலிருந்து விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்த வீரர் ஃபோர்க்குரியன் பெற்ற தடையை, 2025 ஜூலையில் ஏழாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கிவிட்டது. இவை வணிகப் போட்டியைக் காக்கும் சட்டத்தின் (antitrust) கீழான வழக்குகள் என்பதால், அவர் ஒருவர் ஆட முடியாமல் போனது போதாது, சந்தையில் வணிகப் போட்டியே குறைந்தது என்று காட்ட வேண்டும் என்றது. பெரும்பாலான மனுக்கள் சறுக்குவது இங்கேதான்.

ஆகவே முதல் தேவை: சந்தையை வரையறுத்துப் பொருளாதார நிபுணர் தந்த பிரமாணப் பத்திரம், பொதுப் பதிவில் இருப்பது.

அடுத்தது, என்சிஏஏ-வின் ஈடுசெய் விதி (Rule of Restitution). தடை பின்னர் ரத்தானால் ஆடவைத்த கல்லூரியின் வெற்றிகளையே அழிக்கலாம் என்பதால், உத்தரவு கையில் இருந்தாலும் பயிற்சியாளர் களமிறக்கத் தயங்குவார். இந்த விதியையும் சேர்த்துத் தடுத்த உத்தரவுகளின் வாசகம் வேண்டும்.

விளம்பர வருமான இழப்பை மட்டும் சொன்னால் பணத்தால் ஈடுகட்டலாம் என்று எதிர்த்தரப்பு வாதிடும். இழந்த பருவத்தையே ஈடில்லா இழப்பாக ஏற்ற தீர்ப்புகள் இருந்தால், வழக்கு எண்ணோடு இங்கே பதியுங்கள்.