குனிந்த தலை, நீல வெளிச்சம்: டிஜிட்டல் தனிமைக்கு வேறு படமே கிடையாதா?

கோட்டோவியம் எழுதியது:

நான் இணைய வழியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் 'டிஜிட்டல் காலத்துத் தனிமை' என்று தலைப்புக் கொடுத்து வரையச் சொன்னேன். வந்த படங்களைத் திறந்தால் ஒருவரைப் பார்த்து ஒருவர் வரைந்த மாதிரி இருக்கின்றன. இருட்டறை, குனிந்த தலை, முகத்தில் நீல வெளிச்சம். கொஞ்சம் மெனக்கெட்டவர்கள் காலில் சங்கிலி போட்டு மறுமுனையில் போனைக் கட்டியிருக்கிறார்கள். தலைக்குப் பதிலாக பேட்டரிக் குறி, அதில் தீரப்போகும் சிவப்புக் கோடு. இதுவும் ஒன்றுக்கு மேல் வந்திருக்கிறது.

ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி செய்திருந்தாள். தாள் முழுவதும் காலி. கீழே இடது மூலையில் சின்னதாக ஓர் உரையாடல் குமிழி, அதற்குள் மூன்று புள்ளிகள். நடுப்புள்ளி மட்டும் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் கருப்பு. எதிர்முனையில் யாரோ எதையோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் அனுப்பவில்லை. படத்தில் ஆளும் இல்லை, போனும் இல்லை. அதை மூடிவிட்டு அடுத்த படத்துக்குப் போக எனக்கு மனசே வரவில்லை.

இப்படிப் பக்கவாட்டிலிருந்து இந்த விஷயத்தைத் தொட்ட சமகாலக் கலைஞர்கள் இருந்தால் சொல்லுங்கள். அடுத்த வகுப்பில் காட்ட வேண்டும். 'போனைக் கீழே வை' என்று உபதேசம் செய்யும் படைப்புகள் வேண்டாம். அந்த வகையில் என்னிடமே ஒரு கோப்பு நிறைய இருக்கிறது.

---

வெள்ளியுப்பு எழுதியது:

//உபதேசம் செய்யும் படைப்புகள் வேண்டாம்//

சரி மேடம். ஆனாலும் அந்தக் கோப்பிலிருந்து ஒன்றுக்காக மட்டும் வாதாடிவிட்டுப் போகிறேன். எரிக் பிக்கர்ஸ்கில் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரரின் 'ரிமூவ்ட்' வரிசை. 2014 வாக்கில் தொடங்கியது, எல்லாம் கருப்பு வெள்ளை. போன் பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் 'அப்படியே அசையாமல் இருங்கள்' என்று சொல்லி, கையிலிருக்கும் போனை மட்டும் உருவிக்கொண்டு படம் எடுப்பார். கணினியில் அழிக்கவில்லை, நிஜமாகவே எடுத்துவிடுகிறார்.

கருத்து பழசுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கைகளைப் பாருங்கள். விரல்கள் இல்லாத ஒன்றைப் பிடித்திருக்கின்றன, கட்டைவிரல் பாதி வழியில் நிற்கிறது. ஒரு படத்தில் கணவனும் மனைவியும் ஒரே கட்டிலில் முதுகுக்கு முதுகாகப் படுத்து, ஆளுக்கொரு வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த இருவர் அவரும் அவர் மனைவியும்தான். ஊரை நோக்கி விரல் நீட்டும் ஆள் தன்னையும் படத்துக்குள் படுக்கவைத்திருப்பதால் நான் இதை உபதேசக் கணக்கில் சேர்ப்பதில்லை. கை வரையப் பழக்குவதற்காவது காட்டுங்கள்.

---

வயர்மேன் எழுதியது:

நான் கலைஞன் இல்லை. காட்சிக்கூடங்களில் புரொஜெக்டர் மாட்டுவது, கேபிள் இழுப்பது, படம் வரவில்லை என்றால் ஏணி ஏறுவது, இதுதான் என் வேலை. அதனால் எந்தப் படைப்பைப் பார்த்தாலும் முதலில் 'இது எப்படி ஓடுகிறது' என்றுதான் பார்ப்பேன். அந்தப் பழக்கத்தில் வந்த கருத்து இது, பிடிக்காவிட்டால் தள்ளிவிடுங்கள்: தனிமையாக இருக்கும் ஆளைக் காட்டும் படைப்புகள் எனக்குப் பெரும்பாலும் சலிப்பூட்டுகின்றன. பார்க்க வந்தவரை ஓர் இணைப்பின் ஒரு முனையில் உட்காரவைத்துவிட்டு நகர்ந்துகொள்ளும் படைப்புகள்தான் வேலை செய்கின்றன. உங்கள் மாணவியின் மூன்று புள்ளிகள் செய்வதும் அதுதான். அதில் காத்திருப்பது படத்தில் இருக்கும் யாரோ இல்லை, பார்க்கிற நாம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பழைய சங்கதி. பால் செர்மன் என்ற பிரிட்டிஷ் கலைஞர் 1992-இல் செய்த 'டெலிமாட்டிக் ட்ரீமிங்'. வெவ்வேறு இடங்களில் இரண்டு அறைகள், அறைக்கு ஒரு இரட்டைக் கட்டில். முதல் கட்டிலுக்கு மேலே கேமரா. அதில் படுத்திருப்பவரின் உருவம் ஐஎஸ்டிஎன் தொலைபேசி இணைப்பு வழியாகப் போய், இரண்டாவது கட்டிலின் மேல் மெத்தையிலேயே ஆளளவுக்கு விழும். அங்கே படுத்திருப்பவர் பக்கத்தில் ஒளியாலான ஓர் ஆள். அங்கிருந்து இன்னொரு கேமரா, நிஜ ஆளையும் ஒளி ஆளையும் சேர்த்துப் படம்பிடித்து முதல் அறைக்குத் திருப்பி அனுப்பும். முதல் அறையில் இருப்பவருக்குத் தன் கை அடுத்தவர் தோள்மேல் இருக்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டுமானால், கட்டிலைச் சுற்றி வைத்திருக்கும் திரைகளைப் பார்க்க வேண்டும். தன் கட்டிலைப் பார்த்தால் அங்கே யாரும் இல்லை!

வாட்ஸ்அப் வீடியோ எல்லாம் யாரும் கனவு காணாத காலம். இன்றைக்கு நாம் தினமும் செய்கிற காரியத்தை, இத்தனை பச்சையாக, கட்டிலில் வைத்து ஒருவர் அப்போதே செய்து பார்த்திருக்கிறார்.

இதே ஏற்பாட்டின் எளிய வடிவத்தை ஒரு மாணவர் கண்காட்சிக்காக நான் மாட்டிக்கொடுத்திருக்கிறேன். கட்டிலுக்குப் பதில் இரண்டு பெஞ்சுகள். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன். பெஞ்சில் விழுவது வெறும் வெளிச்சம் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் யாரும் அதன்மேல் உட்காரமாட்டார்கள். நகர்ந்து இடம் விடுவார்கள், கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். ஒருநாள் இணைப்பு அறுந்து எதிர்ப்பக்கத்து ஆளின் உருவம் அப்படியே உறைந்துவிட்டது. இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்துபோகவில்லை. எதிராளி ஏதோ யோசனையில் இருக்கிறார் என்று நினைத்துக் காத்துக்கொண்டிருந்தார். நான் ஏணியோடு உள்ளே வந்த பிறகுதான் கேட்டார், "அவங்க போய்ட்டாங்களா?"

நேரம் இருந்தால் லாரன் லீ மெக்கார்த்தியையும் தேடிப்பாருங்கள். 2016-இல் 'ஃபாலோயர்' என்று ஒரு செயலி செய்தார். உங்களை ஏன் பின்தொடர வேண்டும் என்று எழுதி விண்ணப்பித்தால், ஒருநாள் முழுக்க நிஜமான ஓர் ஆள் கண்ணில் படாமல் உங்கள் பின்னால் வருவார். நாள் முடிவில் அன்று எடுத்த உங்கள் புகைப்படம் ஒன்று உங்கள் போனுக்கு வரும், அத்தோடு சரி. அடுத்த ஆண்டு 'லாரன்' செய்தார். வீட்டில் பேச்சைக் கேட்டு விளக்குப் போடும் அலெக்ஸா மாதிரிக் கருவி இருக்கிறதல்லவா, அந்தக் கருவியாக அவரே மாறிவிட்டார். சம்மதித்தவர்கள் வீட்டில் கேமரா, மைக், சுவிட்சுகள், கதவுப் பூட்டு எல்லாம் பொருத்தி, தொலைவிலிருந்து இரவும் பகலும் அவர்களைக் கவனித்து, கேட்டதைச் செய்து, கேட்காததையும் செய்வார். இதைப் பொதுவாகக் கண்காணிப்பைப் பற்றிய படைப்பு என்பார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. வேவு பார்க்கப்படுகிறோம் என்று பயப்படுகிற நாமே, யாராவது கவனிக்கமாட்டார்களா என்று விண்ணப்பமும் போடுகிறோம்.

---

பழையதாள் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் இந்த 'டிஜிட்டல் காலத்துத் தனிமை' என்பதே எனக்கு ஒட்டவில்லை. எட்வர்ட் ஹாப்பரின் 'ஆட்டோமேட்' ஓவியம் 1927. இரவு, ஒரு பெண், ஒரு கோப்பை. ஒரு கையில் கையுறை இருக்கிறது, இன்னொரு கையில் கழற்றியிருக்கிறாள். பின்னால் கரிய சன்னல் கண்ணாடியில் விளக்குகளின் பிரதிபலிப்பு மட்டும் வரிசையாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். அவள் உட்கார்ந்திருக்கும் கடையில் பரிமாற ஆள் கிடையாது. துளையில் காசு போட்டால் சின்னக் கண்ணாடிக் கதவு திறக்கும், எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான். மனிதரைத் தவிர்த்துவிட்டு இயந்திரத்தோடு காரியம் முடிக்கும் ஏற்பாடு அன்றைக்கே வந்துவிட்டது. 2020 ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் அடைந்தபோது ஆளாளுக்கு ஹாப்பர் படங்களைப் பகிர்ந்துகொண்டிருந்தது சும்மா இல்லை. போன் மேல் ஏன் இத்தனை பழி?

---

கோட்டோவியம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பழையதாள் ஐயா, நீங்கள் சொல்வது சரிதான், 'ஆட்டோமேட்' கட்டாயம் வகுப்புக்குப் போகிறது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு அப்போது யாரிடமிருந்தும் எதுவும் வரப்போவதில்லை, அவளுக்கே தெரியும். மூன்று புள்ளிகளின் எதிரே இருப்பவருக்கு எந்த நொடியும் ஏதாவது வந்துவிடலாம். இரண்டும் ஒன்றில்லை.

வயர்மேன் அண்ணா, இன்னொரு சந்தேகம். மாணவர் ஒருவர் ஒரு ரோபோ வீடியோ அனுப்பி, 'இதைப் பார்த்து அழுதுவிட்டேன், இதுதான் மேடம் தனிமை' என்று எழுதியிருக்கிறார். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பெரிய இயந்திரக் கை, தன் உடம்பிலிருந்து ஒழுகும் ரத்தம் போன்ற எண்ணெயைத் தானே கூட்டிக் கூட்டி அள்ளுகிறது, அள்ள முடியாமல் கடைசியில் செத்துவிடுகிறது என்று கதை. நிஜமா?

---

வயர்மேன் எழுதியது:

பாதி நிஜம். சுன் யுவான், பெங் யூ என்ற சீனக் கலைஞர் இணையர், நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்துக்காக 2016-இல் செய்தது. பெயர் 'கான்ட் ஹெல்ப் மைசெல்ஃப்'. 2019-இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியிலும் வைத்தார்கள்.

கை, கூக்கா நிறுவனத்தின் தொழிற்சாலை ரோபோ. அது ஓடுவது மின்சாரத்தில். எண்ணெய் ஒழுகி உயிர் போகும் பேச்சுக்கே இடமில்லை. தரையில் இருப்பது நிறம் கலந்த தண்ணீரில் செல்லுலோஸ் ஈதர் போட்டுக் கெட்டியாக்கிய திரவம். அது குறிப்பிட்ட வட்டத்தைத் தாண்டிப் பரவினால் மேலே இருக்கும் சென்சார்கள் கண்டுபிடிக்கும், கை போய் வழித்து உள்ளே தள்ளும். இடையிடையே ஆடும். கலைஞர்கள் அதற்கு 32 அசைவுகள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவற்றில் ஒன்றின் பெயர் 'அரிப்பைச் சொறிதல்'. எல்லைகள், காவல், அதிகாரம் என்று போகிற படைப்பு அது. தனிமையைப் பற்றி அருங்காட்சியகக் குறிப்பில் பேச்சே இல்லை.

2021 வாக்கில் டிக்டாக்கில் அந்த வீடியோ பரவியபோதுதான் எண்ணெய்க் கதையும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது. ராத்திரியில் தனியாகப் போனைப் பார்த்துக்கொண்டிருந்த எத்தனையோ பேர் அந்தக் கையில் தங்களைப் பார்த்து அழுதார்கள். கதை பொய் என்று உங்கள் மாணவரிடம் சொல்லுங்கள். அழுதது தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என்னைக் கேட்டால் அந்தக் கமென்ட்டுகள்தான் டிஜிட்டல் தனிமையைப் பற்றிய படைப்பு. ரோபோ சும்மா ஒரு சாக்கு.

---

வெள்ளியுப்பு எழுதியது:

//ரோபோ சும்மா ஒரு சாக்கு//

கூக்காக்காரர்கள் கேட்டால் மனசு உடைந்துபோவார்கள்.

மேடம், வகுப்புக்கு வீட்டுப்பாடம் ஏதாவது தேவையென்றால்: மிராண்டா ஜூலை, ஹாரல் ஃப்ளெட்சர் என்ற இரண்டு கலைஞர்கள் 2002 முதல் 2009 வரை 'லேர்னிங் டு லவ் யூ மோர்' என்று ஓர் இணையதளம் நடத்தினார்கள். யார் வேண்டுமானாலும் செய்து அனுப்பும்படி சின்னச் சின்னப் பணிகள் கொடுப்பார்கள். கட்டிலுக்கு அடியில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடு. அறிமுகமில்லாத இருவரைக் கைகோத்து நிற்கச் சொல்லிப் படம் எடு. இப்படி. 'நடந்தால் நன்றாக இருக்கும் என்று நீ நினைக்கும் தொலைபேசி உரையாடலை எழுது' என்றும் ஒன்று உண்டு. அதை எழுதவைத்துவிட்டு, அப்புறம் படம் வரையச் சொல்லிப் பாருங்கள். நீல வெளிச்சம் வந்தால் என்னைக் கேளுங்கள்.

---

கோட்டோவியம் எழுதியது:

அருமை, தொலைபேசி உரையாடல் நிச்சயம். கடைசியாக ஒன்று. இதுவரை சொன்னதெல்லாம் வீடியோவிலோ படத்திலோ பார்க்க வேண்டியவை. வகுப்பில் இருப்பவர்கள் அவரவர் கணினியிலேயே அனுபவிக்கக்கூடியது எதுவும் உண்டா?

---

வயர்மேன் எழுதியது:

உண்டு. ஒலியா லியாலினா என்ற ரஷ்யக் கலைஞர் 1996-இல் செய்த 'மை பாய்ஃபிரண்ட் கேம் பேக் ஃப்ரம் த வார்'. பிரவுசரிலேயே ஓடும், இன்றைக்கும் இணையத்தில் இருக்கிறது. போரிலிருந்து திரும்பிய காதலனும் அவளும் பேச முயற்சி செய்கிறார்கள். கருப்புப் பின்னணி, சில கருப்பு வெள்ளைப் படங்கள், ஒரு வரி இரண்டு வரி வசனம். எதையாவது சொடுக்கினால் அந்தச் சட்டகம் இரண்டாகவோ நான்காகவோ பிளக்கும். கேள்வி ஒரு கட்டத்தில் இருக்கும், பதில் மாதிரி ஏதோ வேறு கட்டத்தில் வரும், எது எதற்குப் பதில் என்று தெரியாது. சொடுக்கச் சொடுக்கக் கட்டங்கள் சிறுத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒவ்வொன்றாக வெறும் கருப்பாகிவிடும். இணையப் பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் ஹெச்டிஎம்எல் சட்டகங்களை வைத்து இதற்கு மேல் ஒருவர் என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

காட்டும்போது உங்கள் திரையைப் பகிர்ந்து நீங்களே சொடுக்கிக் காட்டாதீர்கள். இணைப்பை அனுப்பிவிட்டு, கேமராவை அணைத்துக்கொண்டு ஆளாளுக்குத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். கணினியில் பார்ப்பது நல்லது. போன் திரையில் கட்டங்கள் விரல் நுனியைவிடச் சிறியதாகிவிடும், சொடுக்கவே வராது.