ஒரே தரம் முடிந்த பலி என்றால் 31ஆம் நாள் பூசை எதற்கு?

உவர்மலைவாசி:
என் கணவரின் அம்மம்மா சென்ற மாதம் பாலையூற்றில் காலமானார். வரும் சனிக்கிழமை 31ஆம் நாள். கத்தோலிக்கரான வீட்டார் அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கக் காசு சேர்க்கிறார்கள், என்னிடமும் கேட்டார்கள். நான் மெதடிஸ்த சபையில் வளர்ந்தவள். காசு ஒரு பொருட்டல்ல, மனந்தான் இடம் கொடுக்கவில்லை. புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபம் 7ஆம் அதிகாரத்திலிருந்து 10ஆம் அதிகாரம்வரை ‘ஒரே தரம்’ என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஆரோனின் வழிவந்த ஆசாரியர்கள் நாள்தோறும் நின்றுகொண்டே பலியிட்டார்கள். அவர்களுடைய வேலை முடியவே இல்லை. கிறிஸ்துவோ ஒரே பலியைச் செலுத்திவிட்டு உட்கார்ந்தார் (10:11-12). உட்கார்ந்தவரை மறுபடியும் எழுப்பிப் பீடத்துக்கு அழைப்பது போலல்லவா ஒவ்வொரு பூசையும் எனக்குத் தோன்றுகிறது? கோபத்தில் கேட்கவில்லை. அம்மம்மாவின் மேல் எனக்கு உயிர்.

பாலையூற்றான்:
தங்கச்சி, முதலில் என் அனுதாபங்கள். பூசையில் கிறிஸ்து மறுபடியும் கொல்லப்படுகிறார் என்று எங்கள் திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை. 1562இல் எங்கள் ஆயர்கள் கூடிய திரிதெந்தின் பொதுச்சங்கம் சொன்னது இதுதான்: ஒப்புக்கொடுப்பவரும் அவரே, பலிப்பொருளும் அவரே, முறை மட்டுமே வேறு, பீடத்தில் இரத்தம் சிந்தப்படுவதில்லை.

லேவியர் 16ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பாவக்கழுவாய் நாளில் விலங்கு வெளியே கொல்லப்படும். கொன்றதோடு காரியம் முடிவதில்லை. தலைமைக்குரு அந்த இரத்தத்தை எடுத்துக்கொண்டு திரைக்கு உள்ளே போக வேண்டும். எபிரேயர் திருமுகம் கிறிஸ்துவை அந்த இடத்தில் வைத்துத்தான் பேசுகிறது. அவர் விண்ணகத் திருத்தலத்துக்குள் போனார், இன்னும் உள்ளேதான் இருக்கிறார், நமக்காகப் பரிந்து பேச என்றும் உயிர்வாழ்கிறார் (7:25). கல்வாரிச் சிலுவைப்பலி ஒரு முறைதான். ஆனால் அந்தப் பலியோடு உள்ளே போனவர் அதைக் கீழே வைத்துவிடவில்லை. பூசையில் நாம் அவரோடு சேர்ந்து நிற்கிறோம். சாலேமின் அரசரும் குருவுமான மெல்கிசேதேக்கு ஆபிரகாமுக்கு அப்பமும் இரசமும் கொண்டுவந்ததையும் மறக்க வேண்டாம்.

நிலாவெளி ஊழியன்:
மெல்கிசேதேக்கை நீங்களே எடுத்ததால் கேட்கிறேன், சகோதரரே. எபிரெயர் 7ஆம் அதிகாரம் அந்த மனிதனைப் பற்றி எதைத்தான் விட்டுவைத்தது? பேருக்குப் பொருள் சொல்கிறது, சாலேம் என்ற ஊருக்குப் பொருள் சொல்கிறது, தசமபாகத்தைப் பேசுகிறது, தாய் தகப்பன் குறிப்பிடப்படாததைக்கூட எடுத்து விளக்குகிறது. அப்பத்தையும் திராட்சரசத்தையும் பற்றி ஒரு வார்த்தை இல்லை! அது பீடத்துப் பலிக்கு முன்னடையாளம் என்றால், ஆசாரியத்துவத்துக்காகவே எழுதப்பட்ட நிருபம் அதைக் கடந்து போயிருக்குமா?

இன்னொன்று. புதிய ஏற்பாடு சபை ஊழியரை மூப்பர் என்கிறது, கண்காணி என்கிறது. பலியிடும் ஆசாரியனுக்குரிய கிரேக்கச் சொல்லால் அவரை ஓரிடத்திலும் அழைப்பதில்லை. விசுவாசிகள் எல்லாரையும்தான் ஆசாரியக் கூட்டம் என்கிறது (1 பேதுரு 2:9). அப்படியிருக்க, எனக்கும் தேவனுக்கும் நடுவில் இன்னொரு மனிதன் ஏன்?

பாலையூற்றான்:
மெல்கிசேதேக்கைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. எபிரேயர் அதைச் சொல்லவில்லை. பின்வந்த திருச்சபைத் தந்தையர்தான் அப்படிப் படித்தார்கள். அந்த வாதத்தை விட்டுவிடுகிறேன். குருக்களைப் பற்றி ஒன்று: பொதுக் குருத்துவத்தை நாங்களும் மறுப்பதில்லை, 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதைத் தெளிவாகவே எழுதிவைத்தது. குரு நடுவில் நிற்கும் மதில் அல்லர்.

என் நம்பிக்கையின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. விடுதலைப் பயணம் 24, நீங்கள் யாத்திராகமம் என்பீர்கள். சீனாய் மலையடியில் மோசே இரத்தத்தில் பாதியைப் பீடத்தின் மேல் தெளிக்கிறார், மறுபாதியை மக்கள் மேல் தெளிக்கிறார். ‘இது உடன்படிக்கையின் இரத்தம்.’ இரு தரப்பும் ஒரே உயிரில் நனைகின்றன. பிறகு மூப்பர்கள் எழுபது பேர் மலையேறிக் கடவுளைக் கண்டு, உண்டு குடிக்கிறார்கள். அங்கே உடன்படிக்கை பந்தியில்தான் நிறைவேறுகிறது. பாஸ்கா ஆடும் அப்படித்தான்: அடித்து இரத்தத்தை வாசல் நிலையில் பூசியபின் உண்ண வேண்டும். ஆண்டவர் கிண்ணத்தை எடுத்து அதே மோசேயின் சொல்லைத் தம் இரத்தத்துக்குச் சொன்னார் (மத்தேயு 26:28). பலி ஒருமுறை, பந்தி அவர் வரும்வரை. பந்தியைப் பலியிலிருந்து பிரித்தெடுக்க எனக்குத் தெரியவில்லை.

கோணமலை அடியான்:
நான் சைவன். கேட்கலாமா? எங்கள் கோயிலிலும் கொடிமரத்துக்கு அருகே பலிபீடம் இருக்கிறது. அங்கே எங்கள் ஆணவத்தைப் பலியிடுவதாகவே எண்ணி வணங்குகிறோம். உங்களுக்கு இரத்தம் ஏன் இன்றியமையாதது?

நிலாவெளி ஊழியன்:
நல்ல கேள்வி, ஐயா. இரத்தத்தில் உயிர் இருக்கிறது என்கிறது லேவியராகமம் 17:11. கேட்கப்படுவது உயிர். நம் ஆணவத்தை நாமே வெட்டிப்போட முடியவில்லை என்பதுதான் எங்கள் விசுவாசத்தின் தொடக்கம். அதனால் அவர் தம் உயிரைக் கொடுத்தார்.

டைக்வீதி மெதடிஸ்தன்:
உவர்மலை மகளே, நம் சபையின் பழைய விடயம் ஒன்றைச் சொல்கிறேன். நம் சபைக்கு வித்திட்ட ஜோன் வெஸ்லியும் அவர் தம்பி சார்ள்ஸ் வெஸ்லியும் 1745இல் திருவிருந்துக்கென்றே 166 பாடல்கள் வெளியிட்டார்கள். அதில் ஒரு பகுதியின் தலைப்பே திருவிருந்தைப் பலியோடு சேர்த்துப் பேசுகிறது. கல்வாரியை மறுபடி செய்கிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. முடிந்த பலியைப் பிதாவின் முன் ஏந்தி நிற்கிறோம் என்றார்கள். பாலையூற்றுத் தம்பி சொல்வதற்கும் இதற்கும் நீங்கள் நினைக்கும் அளவுக்குத் தூரம் இல்லை. தூரம் இருப்பது இறந்தவருக்காக ஒப்புக்கொடுப்பதில். அதை மழுப்பக் கூடாது.

உவர்மலைவாசி:
ஐயா, அந்தப் பாடல்களைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை. நன்றி. பந்தியும் பலியும் பிரியாதவை என்பதை ஏற்கிறேன். யாத்திராகமம் 24ஐ நேற்றிரவு இரண்டு முறை படித்தேன். ஆனால் அந்தப் பலனை ஒருவர் பேர் சொல்லி அவருக்கு அனுப்பலாம் என்பது எங்கே இருக்கிறது?

பாலையூற்றான்:
2 மக்கபேயர் 12. படைத்தலைவர் யூதா மக்கபே, போரில் விழுந்த வீரர்களின் பாவத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்க எருசலேமுக்குப் பணம் அனுப்பினார்.

உவர்மலைவாசி:
அந்த நூல் எங்கள் வேதாகமத்தில் இல்லை, அண்ணா. அம்மம்மாவின் மன்னிப்பு சிலுவையில் முழுதாய்க் கிடைத்துவிட்டது என்றே நம்புகிறேன். அதற்கு மேல் ஒன்றைச் சேர்க்க என் கை நீளாது. பூசைக் காசில் என் பங்கு இருக்காது, வீட்டாரிடம் நானே சொல்லிவிட்டேன். சனிக்கிழமை கோவிலுக்கு வருவேன். நற்கருணை வாங்க வரமாட்டேன், பின் வரிசையில் இருந்து எபிரெயர் 10ஆம் அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருப்பேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு நாற்பது பேராவது வருவார்கள் என்கிறார்கள்; மீன்குழம்பு என் பொறுப்பு.