ஸ்கீமாப் பெயர் இல்லாத அட்டவணையை வினவற் கருவிகள் எங்கே தேடுகின்றன?

வணக்கம். சுன்னாகத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் சரக்கிருப்புக் கணக்கைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். அட்டவணைகள் யாவும் ‘களஞ்சியம்’ என்ற ஸ்கீமாவில் (தரவுத்தளத்துக்குள் அட்டவணைகளைத் தொகுத்துவைக்கும் பெயரிட்ட பிரிவில்) உள்ளன. ‘இருப்பு’ என்று வெறும் பெயரை எழுதி வினவினால் டிபீவர் என்ற வரைகலைக் கருவியில் சரியான விடை வருகிறது. அதே வினவலை அதே பயனர் பெயரில் பிஎஸ்கியூஎல் என்ற கட்டளைவரிக் கருவியில் இட்டால், அப்படியோர் அட்டவணையே இல்லை என்கிறது. ஸ்கீமாப் பெயரை முன்னே சேர்த்தால் இரண்டிலும் சரிவருவதால், அனுமதியில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை.

தேடற்பாதையை, அதாவது வெறும் பெயரை எந்தெந்த ஸ்கீமாக்களில் எந்த வரிசையில் தேடுவது என்ற பட்டியலை, காட்டச் சொன்னபோது, பிஎஸ்கியூஎல்லில் பயனர் பெயரும் ‘பப்ளிக்’ என்ற இயல்பு ஸ்கீமாவும் மட்டுமே வந்தன; டிபீவரில் ‘களஞ்சியம்’ முதலிடத்தில் நின்றது. நான் அங்கே அதை நடப்பு ஸ்கீமாவாகத் தெரிவுசெய்திருந்ததால், அந்தக் கருவி தன் அமர்வுக்கு (நடப்பு இணைப்புக்கு) மட்டும் பாதையை மாற்றியிருக்கிறது என்று ஊகிக்கிறேன்.

பின்னர் ‘ஆல்டர் டேட்டாபேஸ்’ கட்டளையால் பாதையை நிலையாக மாற்றி, புதிய அமர்வு தொடங்கியே பார்த்தேன். பழைய பாதையே வருகிறது. பயனருக்கென முன்பு யாரேனும் வைத்த அமைப்பு இருந்தால் அது தரவுத்தள அமைப்பை மீறும் என்பது தெரியும். ஆனால் இப்போதைய மதிப்பு எந்த அமைப்பிலிருந்து வருகிறது என்பதை எப்படிக் கண்டறிவது?

பரீட்சார்த்தமாக முன்பு உருவாக்கிய ‘விலை’ என்ற அட்டவணையின் பழைய பிரதி ஒன்று ‘பப்ளிக்’கில் கிடக்கிறது. இல்லை என்ற பிழைச்செய்தியைவிட, சத்தமில்லாமல் அந்தப் பழைய விலைகள் வருவதுதான் எனக்குப் பயம். ஆகவே பாதையைத் திருத்துவதா, எல்லா வினவல்களிலும் ஸ்கீமாப் பெயரையே எழுதிவிடுவதா என்பதிலும் அனுபவமுள்ளவர்கள் ஆலோசனை கூறினால் நன்றியுடையவனாவேன்.