கயாக்கை நிமிர்த்துகையில் தலை முந்திக்கொள்கிறது: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். அசைவற்ற நீரில் கயாக் (துடுப்பால் செலுத்தும் குறுகிய சிறு படகு) கவிழ்ந்தால், துடுப்பைப் படகோடு ஒட்டிவைத்து, அதன் அலகை (தட்டையான முனையை) நீர்மட்டத்தில் வளைவாக வீசி, இடுப்பைச் சொடுக்கி படகில் அமர்ந்தபடியே என்னால் பெரும்பாலும் நிமிர்ந்துவிட முடிகிறது. ஆனால் வேகமான நீரோட்டத்தில், மூக்கில் நீர் ஏறிய நொடியிலேயே தலை முந்திக்கொண்டு எழ, அலகு ஆழத்தில் இறங்கி, பாதி திரும்பிய படகு மீண்டும் கவிழ்ந்துவிடுகிறது. தலை கடைசியாகத்தான் வெளிவர வேண்டும் என்பது எனக்குத் தெரியும்; கழுத்துக்குத்தான் தெரியவில்லை. பார்வையைத் துடுப்பலகின் மீது பதித்துப் பயின்றதில் வலப்பக்கம் ஓரளவு சரியானது, இடப்பக்கம் அறவே வரவில்லை. இந்த வீச்சு முறையையே தொடர்வதா, அல்லது துடுப்பைப் படகுக்குச் செங்குத்தாகக் கொண்டுவந்த பிறகு இடுப்பைச் சொடுக்கும் 'சி டு சி' முறைக்கு மாறுவதா என்பதை, ஆற்றில் பழகியவர்கள் காரணத்துடன் விளக்கினால் உதவியாக இருக்கும்.