மேப்பிங், ஜி.ஐ.எஸ் வேலைக்கு எந்த வழியால் போவது? கொழும்பில் வேலை செய்யிற ஆக்கள் எழுதுங்கோ

புள்ளிக்கோடு
உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு ஒரே கேள்விதான்: "ஜி.ஐ.எஸ் படிச்சா சேவேயர் ஆகலாமோ?" (ஜி.ஐ.எஸ் என்றால் இடம் சார்ந்த தரவைக் கணினியில் வரைபடமாக்கும் முறை, சேவேயர் என்றால் நில அளவையாளர்.) வேலைத்தளத்திலும் நேர்முகத்திலும் நீங்கள் அடிக்கடி காண்கிறதை எழுதுங்கோ. சொந்தக் கதையை விட்டுச் செய்முறையாக இருந்தால் பிள்ளைகளுக்கு உதவும்.

தியோடலைட்
ஆகேலாது. ரெண்டும் ரெண்டு பாதை, நடுவில சட்டம் நிக்குது. காணிக்குப் பிளான் கீறிக் கையொப்பம் வைக்கிறதெண்டால் 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின்படி நில அளவைச் சபையில பதிஞ்சிருக்கோணும், வருசா வருசம் அனுமதிப்பத்திரமும் எடுக்கோணும். உறுதி எழுதிற நொத்தாரிசுக்குத் தேவை அந்தக் கையொப்பம்தான். கணினியில எவ்வளவு வடிவா வரைபடம் கீறினாலும் அவர் அதைத் தொடமாட்டார்.

அந்தப் பாதைக்குக் கணிதப் பிரிவு வேணும். பெலிஹுல்ஓயாவில சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் புவியளவையியல் பீடம் முதல் வாசல். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலயும் நில அளவை விஞ்ஞானப் பட்டம் இருக்கு. நில அளவைத் திணைக்களத்துக்குள்ள போற ஆக்களுக்குத் தியத்தலாவையில திணைக்களத்தின்ர சொந்த நிறுவகத்தில பயிற்சி. 1800இல தொடங்கின திணைக்களம், தலைமைக் கந்தோர் நாரஹேன்பிட்டி கிருள வீதியில.

குறுகிய கால டிப்ளோமாவைக் காட்டி "சேவேயர் ஆக்கிவிடுறம்" எண்டு ஆராவது சொன்னால், காசு கட்டமுதல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கோ: இந்தச் சான்றிதழோட சபையில பதியலாமோ? பதில் சுத்தி வளைச்சு வந்தால் எழும்பி வாங்கோ. இன்னுமொண்டு, கியூ.எஸ் வேற, சேவேயர் வேற. கட்டடச் செலவு மதிப்பிடுற படிப்பில சேர்ந்திட்டு காணி அளக்கப் போறன் எண்டு நினைக்கிற பிள்ளையள் இன்னும் இருக்கினம்.

அட்டவணை அக்கா
தம்பி சொன்னது சரி. மற்றப் பாதையான ஜி.ஐ.எஸ்ஸுக்கு வருகிறேன். அதற்குக் கலைப்பிரிவில் புவியியல் படித்தவர்களும் வரலாம், கணினி படித்தவர்களும் வரலாம். இடர் முகாமைத்துவ நிலையம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், நகர அபிவிருத்தி அதிகார சபை, பத்தரமுல்லையில் உள்ள சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம், தொலைபேசிக் கம்பனிகள், விநியோகக் கம்பனிகள் என்று கொழும்பைச் சுற்றியே வேலை கிடக்கிறது.

நேர்முகத்தில் கணினியைத் தந்து செய்யச் சொல்லும் சோதனை பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஒரு சி.எஸ்.வி கோப்பு (வெறும் எழுத்தாகச் சேமித்த அட்டவணை), கிராம அலுவலர் பிரிவு எல்லைகள் உள்ள ஒரு கோப்பு. இரண்டையும் இணைத்து நிறம் தீட்டு. நாடு முழுக்க 14 ஆயிரத்துக்கு மேல் பிரிவுகள். விழுகிறவர்கள் வரைபடத்தில் விழுவதில்லை, அட்டவணையில் விழுகிறார்கள். குறியீட்டு எண்ணின் முன்னால் இருக்கும் பூச்சியத்தை எக்செல் தின்றுவிடும். 005 வெறும் 5 ஆகும், பாதிப் பிரிவு வெள்ளையாக நிற்கும். கோப்பை இரட்டைக் கிளிக்கில் திறக்காமல், தரவு இறக்கும் வழியால் போய் அந்த நிரலை 'டெக்ஸ்ட்' என்று சொல்லித் திறக்க வேண்டும். பெயரை வைத்து இணைக்கவே கூடாது. வெள்ளவத்தையை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி எழுத்தை ஒருவர் 'ஏ' போடுவார், மற்றவர் 'ஈ' போடுவார்.

மெரின் டிரைவ்
அட்டவணைக்கு அடுத்தபடி ஆட்களை விழுத்துவது ஆள்கூற்று முறைமை, அதாவது ஒரு இடத்தை இலக்கங்களால் குறிக்கும் முறை. இலங்கையில் இரண்டு கிரிட் (கட்டமைப்பு) புழக்கத்தில் இருக்கிறது. பழைய கண்டவல, இ.பி.எஸ்.ஜி (முறைமைகளுக்கான உலகப் பட்டியல்) இலக்கம் 5234, தொடக்கப் புள்ளிக்குக் கொடுத்த கிழக்கு, வடக்குத் தூரம் 2 லட்சம்–2 லட்சம் மீற்றர். புதிய எஸ்.எல்.டி 99, இலக்கம் 5235, தொடக்கம் 5 லட்சம்–5 லட்சம். ஆகவே இலக்கத்தைப் பார்த்தே பிடிக்கலாம்: கொழும்பு நகரில் வடக்குத் தூரம் 4 லட்சத்து 90 ஆயிரத்தை ஒட்டி வந்தால் புதியது, 1 லட்சத்து 90 ஆயிரத்தை ஒட்டி வந்தால் பழையது.

3 லட்சத்தைக் கூட்டிக் கழித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். டேட்டம் (அளவைக்கு அடிப்படையாக எடுத்த பூமியின் வடிவமும் நிலையும்) மாற்றத்தைச் சரியாகக் கொடுக்காமல் செய்மதிப் படத்தின் மேல் போட்டால் காணி மேற்குப் பக்கம் 200 மீற்றர் அளவுக்கு நகரும். வெள்ளவத்தைக் கரையோரக் காணி என்றால் ரயில் பாதையையும் தாண்டிக் கடலுக்குள் கிடக்கும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் நடக்கும் வழமையான பிழை, 'ரீப்ரொஜெக்ட்' செய்ய வேண்டிய இடத்தில் 'செட் சி.ஆர்.எஸ்' (சி.ஆர்.எஸ் என்றால் ஆள்கூற்று முறைமை) அழுத்துவது. முன்னது இலக்கங்களை மாற்றி எழுதும். பின்னது பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும்.

பரப்பளவிலும் கவனம். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். கூகுள் அடிப்படைப்படம் பாவிக்கும் 3857 முறைமையில் சமதளமாக அளந்தால் எங்கள் அகலாங்கில் 2 வீதம் அளவு கூடக் காட்டும். 10 பேர்ச் 10.2 ஆகும். கொழும்பு 6 விலைக்கு அந்த 0.2 சின்னக் காசில்லை. 5235க்கு மாற்றிப்போட்டு அளவுங்கள்.

காக்கைதீவு
உயரத்தையும் சேர்த்துவிடுகிறேன். ஜி.என்.எஸ்.எஸ் கருவியை (செய்மதி மூலம் இடம் அறியும் கருவி) காலிமுகத்திடலில் வைத்தால் கழித்தல் 90 மீற்றருக்கும் கீழே ஒரு உயரம் காட்டும். கருவி பழுதில்லை. உலகத்தின் மிகத் தாழ்ந்த புவியீர்ப்புப் பள்ளம் இந்தியப் பெருங்கடலில் எங்களுக்குக் கிட்டத்தான் இருக்கிறது, அதனால் கருவி கணக்கிடும் நீள்கோளப் பரப்புக்குக் கீழேதான் இங்கே கடல் மட்டமே கிடக்கிறது. ஜியொயிட் (சராசரிக் கடல் மட்டத்தை ஒட்டிய பரப்பு) திருத்தம் போடாத உயரத்தை வைத்து வெள்ள வரைபடம் கீறினால் அது குப்பைக்கு.

ட்ரோன் வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் பறக்கவிடத் தெரிவது பத்தில் ஒரு பங்கு. சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் அனுமதி முதலில். படங்கள் முன்பின்னாக 80 வீதம், பக்கவாட்டில் 70 வீதம் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளி (தரையில் துல்லியமாக அளந்து அடையாளமிட்ட இடம்) குறைந்தது 5, நாலு மூலைக்கும் நடுவுக்கும். அதைவிட இரண்டு மூன்று புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காமல் சரிபார்க்க மட்டும் வைக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் புள்ளி போதாவிட்டால் நடுப்பகுதி குவிமாடம் போல் வீங்கலாம், சரிபார்க்கும் புள்ளி இல்லாவிட்டால் அது தெரியவராது, மென்பொருள் அறிக்கையோ எல்லாம் நன்றாக இருப்பதாகச் சொல்லும்.

புதுசு
அக்கா, மென்பொருளுக்குக் காசு கட்ட வசதியில்லை. எங்கே தொடங்க?

அட்டவணை அக்கா
கட்டவே வேண்டாம், தங்கச்சி. கியூஜிஐஎஸ் இலவசம், 'நீண்டகால ஆதரவு' பதிப்பை இறக்குங்கள், புத்தம் புதியதை விட்டுவிடுங்கள். அது கைக்கு வந்ததும் போஸ்ட்ஜிஐஎஸ் (இடத் தரவுக்கான தரவுத்தளம்), பிறகு பைத்தன் நிரல்மொழியில் ஜியோபாண்டாஸ் (இடத் தரவைக் கையாளும் தொகுப்பு). டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழி வகுப்புகளை இலவசமாக நடத்துகிறது, நாசாவின் ஆர்செட் பயிற்சியும் இலவசம். பட்டத்துக்குப் பிறகு பேராதனை விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவகம், பாங்கொக்குக்கு அருகில் ஏ.ஐ.டி (ஆசியத் தொழில்நுட்ப நிறுவகம்), நெதர்லாந்தில் ஐ.டி.சி (புவித்தகவல் படிப்பிக்கும் பீடம்). அது அப்போது பார்க்கலாம்.

சான்றிதழ் அடுக்குவதை விட மூன்று வரைபடம் செய்து வையுங்கள். ஒன்றாவது களனி வெள்ளமாக இருக்கட்டும். மழை நாளில் சென்டினல் 2 செய்மதிப் படத்தில் முகில்தான் தெரியும், சென்டினல் 1 ரேடார் முகிலை ஊடுருவும். வெள்ளத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று எடுத்து ஒப்பிட வேண்டும். கொழும்புக்குள் கட்டட நெருக்கத்தில் ரேடார் தண்ணீரைத் தவறவிடும், வயல் வெளியில் நன்றாகப் பிடிக்கும். இதை வரைபடத்தின் கீழ் ஒரு வரியில் எழுதி வைத்தால் நேர்முகத்தில் அதைப் பற்றியே கேட்பார்கள்.

புதுசு
நன்றி அக்கா. தமிழில் இடப்பெயர் போட்டேன், ஷேப் கோப்பாக (வரைபடத் தரவுக்கான பழைய கோப்பு வகை) சேமித்தால் பெயர் வெட்டுப்படுகிறது. "கொழும்பு" என்பது "கொழும்" என்று நிற்கிறது.

மெரின் டிரைவ்
நிரல் அகலத்தை 20 என்று வைத்திருப்பீர்கள். அந்த அகலம் பைட் கணக்கு. யூனிகோடில் "கொழும்பு" 8 குறியீடுகள், ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 24. ஆறு குறியீட்டோடு இடம் முடிந்துவிட்டது. அகலத்தைக் கூட்டலாம், ஆனால் 254க்கு மேல் போகாது. நிரல் தலைப்பும் 10 பைட்டுக்குள்தான். ஜியோபாக்கேஜாக (புதிய கோப்பு வகை) சேமியுங்கள், இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. பிரதேச செயலகத்திலிருந்து வந்த பட்டியல் பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் இருந்தால் இணைக்க முதல் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.