நேப்பிள்ஸில் ஒரே நாள்: பொம்பேயா, அருங்காட்சியகமா?

வழிப்போக்கி: நானும் அம்மாவும் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் போகிறோம். அங்கே ஒரு முழு நாள்தான் கையில் இருக்கிறது. பொம்பேய் போகலாமா, நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாமா? அம்மா நன்றாக நடப்பார், ஆனால் வெயில் ஆகாது.

கடலோடி: இதில் யோசிக்கவே வேண்டாம், பொம்பேய்தான். சிலைகளை எந்த ஊர் அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம். கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்த ஊரின் தெருவில் நடப்பது வேறெங்கே கிடைக்கும்? பாவுகற்களில் வண்டிச் சக்கரம் ஓடி ஓடித் தேய்ந்த தடம் அப்படியே இருக்கிறது. தண்ணீர் ஓடும்போது கால் நனையாமல் கடக்கத் தெருவுக்குக் குறுக்கே உயரமான கற்களை வைத்திருக்கிறார்கள். சக்கரம் புகுந்து போக அந்தக் கற்களுக்கிடையில் அளவாக இடம் விட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்ட முடியாது.

செங்கல்: தெரு சரி, வீட்டுக்குள் போனால் என்ன இருக்கிறது? பொம்பேயின் பெரிய வீடான ஃபான் மாளிகையில் 1831-ல் கிடைத்த, அலெக்சாண்டர் பாரசீகரோடு போரிடும் அலெக்சாண்டர் மொசைக் 1843-ல் நேப்பிள்ஸுக்குப் போய்விட்டது. இப்போது அங்கே தரையில் இருப்பது நகல். முற்றத்தில் நிற்கும், ஃபான் என்ற வனதேவதையின் வெண்கலச் சிலையும் நகல்தான். 1748-ல் தோண்டத் தொடங்கியதிலிருந்து நல்ல பொருட்களையெல்லாம் அரச சேகரிப்புக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தச் சேகரிப்புதான் இன்றைய அருங்காட்சியகம். மொசைக்கில் கீழே விழுந்து கிடக்கும் பாரசீக வீரன் ஒருவன், பளபளக்கும் கேடயத்தில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்னக் கல் துண்டுகளால் ஆன படம் அது. அதைப் பார்க்காமல் பொம்பேயைப் பார்த்தேன் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

கடலோடி: மொசைக் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பொம்பேயில் உள்ள தப்பியோடியவர் தோட்டத்துக்கு என்ன பதில் சொல்வீர்கள்? சாம்பலுக்குள் உடல்கள் மக்கி உண்டான வெற்றிடத்தில் பிளாஸ்டர் ஊற்றி உருவத்தை எடுக்கும் முறையை 1863-ல் தொல்லியலாளர் ஃபியோரெல்லி கொண்டுவந்தார். அதே முறையில் எடுத்த 13 பேர், குழந்தைகளும் சேர்த்து, அந்தத் தோட்டத்தில் விழுந்த இடத்திலேயே கிடக்கிறார்கள். இடத்தை விட்டு எடுத்துவிட்டால் அது வெறும் காட்சிப்பொருள்.

உப்புக்காற்று: இருவரும் அதே வெடிப்பில் புதைந்த பக்கத்து ஊரான ஹெர்குலேனியத்தை ஏன் மறந்தீர்கள்? நேப்பிள்ஸிலிருந்து சர்க்கம்வெசுவியானா ரயிலில் ஏறினால் பொம்பேய்க்கு முன்பே வந்துவிடும். ஊர் சிறியது, அரை நாள் போதும். பொம்பேயில் முதலில் கல்மழை பொழிந்து கூரைகள் சரிந்தன. இங்கே கொதிக்கும் சாம்பலும் வாயுவும் அலை அலையாக வந்து ஊரையே மூடியதால் மரம் எரிந்து சாம்பலாகாமல் கரியாகி நின்றுவிட்டது. கதவு, உத்தரம், கட்டில் எல்லாம் கறுத்துப்போய், ஆனால் உருக்குலையாமல் இருக்கின்றன. காலையில் இதைப் பார்த்துவிட்டு, மதியம் வெயில் ஏறும்போது அருங்காட்சியகத்துக்குள் போய்விடலாம். அங்கே ஹெர்குலேனியத்தில் கிடைத்த ஒரு ரொட்டி இருக்கிறது. கருகிய மேல்பக்கத்தில் செலெர் என்ற அடிமையின் பெயர் முத்திரையாகப் பதிந்திருக்கும்.

செங்கல்: இது நல்ல யோசனை. அப்புறம் 1938-ல் பொம்பேயில் கிடைத்த தந்தச் சிலையையும் தேடிப் பாருங்கள். லட்சுமி என்று பெயர் வைத்தார்கள், யட்சி என்போரும் உண்டு. இந்தியாவில் செதுக்கியது, 79-க்கு முன்பே கடல் தாண்டி அங்கே போயிருக்கிறது.

கடலோடி: நான் மாற்றிக்கொள்ள மாட்டேன். ஹெர்குலேனியம் சின்னக் கடலோர ஊர். பொம்பேய் சுமார் 66 ஹெக்டேர், மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டவே இல்லை. சந்தை, வட்ட அரங்கம், சுவரில் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு எழுதிய வாசகம் என்று ஒரு நகரமே இருக்கிறது. அந்த அளவு மனதில் பதிய நடந்துதான் ஆக வேண்டும்.

வழிப்போக்கி: அனைவருக்கும் நன்றி. உப்புக்காற்று சொன்னதுதான் அம்மாவுக்குச் சரிப்படும் போலிருக்கிறது. நாங்கள் அங்கே இருப்பது செவ்வாய்க்கிழமை.

செங்கல்: செவ்வாய் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை! ரயில் சீட்டை மாற்ற முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் ஹெர்குலேனியம் மட்டும் போதும், அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம்.

கடலோடி: செவ்வாய் என்றால் பொம்பேயே போங்கள். நிழல் குறைவு, அதனால் காலையில் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். ஒரு நாளைக்கு 20,000 பேர்தான் என்று 2024 நவம்பரிலிருந்து கட்டுப்பாடு இருக்கிறது, பெயர் போட்ட டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.