மோட்டார் ஆஃப் ஆகும்போது நோட்எம்சியு ரீசெட் ஆகிறது: என்ன செய்யலாம்?

விரிஞ்சிபுரத்தான்:
வணக்கம். வீட்டு போர் மோட்டாருக்கு ஒரு கன்ட்ரோலர் செய்திருக்கிறேன். ஒன்றரை ஹெச்பி சப்மெர்சிபிள், சிங்கிள் ஃபேஸ். நோட்எம்சியு (வைஃபை உள்ள சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு) ஒரு 5 வோல்ட் ரிலே மாட்யூலை இயக்க, அந்த ரிலே ஸ்டார்ட்டர் பெட்டியில் உள்ள 230 வோல்ட் கான்டாக்டரின் (மோட்டாரை ஆன், ஆஃப் செய்யும் பெரிய ரிலே) காயிலை இயக்குகிறது. ஆன் ஆகும்போது ஒரு தொல்லையும் இல்லை. டேங்க் நிறைந்து ஆஃப் ஆகும் நொடியில்தான் போர்டு ரீசெட் ஆகிறது, சில நேரம் அப்படியே நின்றுவிடுகிறது. மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு கான்டாக்டரை மட்டும் இயக்கிப் பார்த்தேன், அப்போதும் அதேதான். சார்ஜரை மாற்றியும் பலன் இல்லை.

அம்மா தனியாக இருக்கும் வீடு. இந்த வெயிலில் மாடி ஏறி டேங்க் பார்க்க அவரால் முடியாது. காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு போடலாமா?

குடியாத்தம் பேனல்:
தம்பி, டயோடு வேண்டவே வேண்டாம். ஏசி காயிலுக்குக் குறுக்கே போட்டால் ஒரு அரைச்சுற்றில் நேரே ஷார்ட். ஃப்யூஸ் போகும், ரிலே கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். டயோடு டிசி காயிலுக்குத்தான். உங்கள் ரிலே மாட்யூலில் அது ஏற்கெனவே இருக்கும்.

மோட்டாரைக் கழற்றிப் பார்த்தீர்களே, அதிலேயே பாதி விடை வந்துவிட்டது. தொல்லை கான்டாக்டர் காயிலில் இருக்கிறது. ஓடுகிற கரன்ட்டை ரிலே சட்டென்று வெட்டும்போது காயில் தன் பங்குக்கு ஒரு பெரிய வோல்டேஜை எழுப்பும், ரிலே கான்டாக்ட்டில் பொறி பறக்கும். அந்த இரைச்சல் வயர் வழியாகவும் காற்று வழியாகவும் போர்டுக்குள் வந்துவிடும். ஆஃப் ஆகும்போது மட்டும் வருவதற்குக் காரணம் இதுதான்.

100 ஓம் 1 வாட் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் சீரிஸில் சேர்த்து (இதுதான் ஸ்னப்பர்), காயிலின் ஏ1, ஏ2 முனைகளிலேயே மாட்டுங்கள். கெபாசிட்டர் மேல் எக்ஸ்2 (மெயின்ஸ் லைனுக்குக் குறுக்கே போடும் வகை), 275 வோல்ட் ஏசி என்று அச்சிட்டிருக்க வேண்டும். பழைய ஃபேன் ரெகுலேட்டரில் கழற்றியதைப் போடாதீர்கள். கூடவே ஒரு 14டி431 எம்ஓவி (திடீர் வோல்டேஜ் ஏற்றத்தை அடக்கும் பாகம்) போட்டால் நல்லது. ஸ்னப்பரை ரிலே கான்டாக்ட்டுக்குக் குறுக்கே போடச் சொல்வார்கள். அங்கே போட்டால் ஆஃப் நிலையிலும் சுமார் 7 மில்லி ஆம்பியர் கசிந்துகொண்டே இருக்கும், சின்ன கான்டாக்டர் அதிலேயே ர்ர்ர் என்று முனகும்.

அப்புறம் மாட்யூலில் ஜேடி-விசிசி ஜம்பர் (ரிலே காயில் சப்ளையையும் விசிசியையும் இணைக்கும் சின்ன துண்டு) இருந்தால் எடுத்துவிடுங்கள். விசிசிக்கு போர்டின் 3.3 வோல்ட், ஜேடி-விசிசிக்குத் தனியாக இன்னொரு 5 வோல்ட் சப்ளை. இரண்டு கிரவுண்டையும் சேர்த்தால் ஆப்டோ (இரண்டு பக்கத்தையும் ஒளியால் பிரிக்கும் ஐசி) இருந்தும் பயனில்லை. 230 வயரையும் சென்சார் வயரையும் ஒரே கட்டாகக் கட்டாதீர்கள்.

வாலாஜா ராஜா:
டேங்க்கில் என்ன சென்சார்? ஸ்டீல் கம்பி என்றால் எப்போதும் டிசி கொடுத்து வைக்க வேண்டாம், சீக்கிரம் அரித்துவிடும். அளக்கும் நொடிக்கு மட்டும் போர்டின் அவுட்புட் பின் வழியாக வோல்ட் கொடுங்கள். நம் பக்கத்து போர் தண்ணீரில் கம்பி மேல் வெள்ளையாக உப்புப் படியும், அவ்வப்போது சுரண்ட வேண்டும்.

விரிஞ்சிபுரத்தான்:
ரொம்ப நன்றி அண்ணே. ஸ்னப்பர் போட்டதும் ரீசெட் நின்றுவிட்டது. ஜம்பர் வேலை இனிமேல்தான். ராஜா சார், கம்பிதான். நீங்கள் சொன்னபடி புரோகிராமை மாற்றிவிடுகிறேன். ஆனாலும் என்றைக்காவது போர்டு நின்றுபோனால்?

குடியாத்தம் பேனல்:
அம்மா தனியாக இருக்கும் வீட்டில் புரோகிராமை மட்டும் நம்பி விடவே கூடாது. 230 வோல்ட்டுக்கான கேபிள் ஃப்ளோட் ஸ்விட்ச் ஒன்றைக் காயிலுக்கு சீரிஸில் போடுங்கள். போர்டு என்ன செய்தாலும் டேங்க் நிறைந்தால் கான்டாக்டர் விழுந்துவிடும். அதில் மூன்று வயர் வரும். மிதவை மேலே வரும்போது எந்த இரண்டு பிரிகிறது என்று மல்டிமீட்டரில் பார்த்து அந்த ஜோடியை எடுங்கள். ஜாயின்ட் டேங்க்குக்குள் வரக்கூடாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் சப்ளையை வெட்டும் ஸ்விட்ச்) இல்லையென்றால் முதலில் அதை மாட்டிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.